மூணு தடவை டிகாக்‌ஷன்: நூனனின் லாகர் புத்தகத்தை மஞ்சக்குட்டையில் வாசித்தது

'டிகாக்‌ஷன்' என்ற சொல்லை ஒரு பீர் புத்தகத்தில் முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏற்காட்டுக்காரனுக்கு டிகாக்‌ஷன் என்றால் ஒன்றே ஒன்றுதான். ஃபில்டரின் கீழ்த்தட்டில் ராத்திரி முழுக்கச் சொட்டிச் சேர்ந்திருக்கும் கறுப்புத் திரவம், காலையில் அதில் பால். கிரெகரி நூனனின் புத்தகத்திலோ அது வேறு சமாசாரம்: மால்ட் கலவையில் ஒரு பங்கைத் தனியாக அள்ளி, கொதிக்க வைத்து, திரும்ப ஊற்றுவது. அதையும் மூணு தடவை செய்யச் சொல்கிறார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். 1986-ல் 'ப்ரூயிங் லாகர் பீர்' என்று வந்து, 1996-ல் 'நியூ ப்ரூயிங் லாகர் பீர்' என்று திருத்திய பதிப்பாக மறுபடி வந்தது. இன்றைக்கும் லாகரில் கொஞ்சம் கை பழகினவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போகணும்னா கையில் எடுக்கிற புத்தகம். ஆரம்பநிலைக்காரருக்கு இல்லை, முதல் பக்கங்களிலேயே பார்லியின் உடற்கூறு, நீரின் வேதியியல், என்சைம் என்று இறங்கிவிடுவார். இடைவேளை கிடையாது, ஜோக் கிடையாது. எனக்கு முழுசா முடிக்க மூணு குளிர்காலம் ஆச்சு.

அதில் ரெண்டு குளிர்காலம் இங்கிலாந்தில். வேலை நிமித்தம் யார்க்‌ஷயரில் சில வருஷம் இருந்தேன். அங்கே வீட்டில் பீர் காய்ச்ச 1963-க்கு அப்புறம் லைசன்ஸே வேண்டாம். வீட்டை ஒட்டி ஒரு கராஜ், அதில் ஜனவரியில் தானாகவே 8, 10 டிகிரி இருக்கும். லாகர் ஈஸ்டுக்கு அதுதான் வேணும். நான் போட்ட முதல் பில்ஸ்னர் நல்லா வந்தது, நாலு பேர் பாராட்டினாங்க. கைப்பக்குவம்னு நினைச்சேன். இங்கே மஞ்சக்குட்டைக்குத் திரும்பி வந்து அதே புத்தகத்தை மூணாவது தடவை வாசித்தபோதுதான் புரிஞ்சுது, அந்த பீரைப் போட்டது நான் இல்லை, ஜனவரி.

இந்தக் குறிப்பு அங்கிருந்துதான் தொடங்குது. ஒரு ரெசிபியில் இருக்கிற எண்களில் எது பொருளோடது, எது ஊரோடது? நூனன் இதில் பாதி தூரம் மட்டும்தான் வருகிறார் என்பது என் குறை.

முதலில் அவர் நன்றாகச் செய்ததைச் சொல்லணும். டிகாக்‌ஷனுக்கு அவர் காரணம் சொல்கிறார். பெரும்பாலான ரெசிபிப் புத்தகங்கள் சொல்லாது. மால்ட்டில் இருக்கும் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக மாற்றுவது என்சைம்கள். ஒவ்வொரு என்சைமுக்கும் ஒரு வெப்பநிலை பிடிக்கும். புரதத்தை உடைப்பதற்கு 50 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு, சர்க்கரையாக்க 65 சுமாருக்கு, கடைசியில் எல்லாவற்றையும் நிறுத்த 75-க்கு மேல். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் இந்தப் படிகளை எப்படிப் பிடிப்பது? உலகத்தில் தெர்மாமீட்டர் இல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த வெப்பநிலை ஒன்று உண்டு, தண்ணீர் கொதிப்பது. கலவையில் மூணில் ஒரு பங்கை அள்ளிக் கொதிக்க விட்டுத் திரும்ப ஊற்றினால் மொத்தமும் ஒரு படி மேலே போகும். ரெண்டாவது தடவை அடுத்த படி. மூணாவது தடவை கடைசிப் படி. அள்ளும்போது அடியில் இருக்கிற கெட்டியைத்தான் அள்ளணும். ஏன்னா என்சைம் மேலே திரவத்தில் கரைஞ்சு இருக்கும், அது வேகாமல் தப்பிக்கும். கடைசித் தடவை மட்டும் மேலே இருக்கிற திரவத்தை எடுத்தால் போதும்.

இதுக்கு நம்மகிட்ட ஒரு சொல் இருக்கு: விளாவுறது. குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீரில் பச்சைத்தண்ணி விளாவுவோமே, அதேதான். அம்மா கை வெச்சுப் பார்த்து இன்னும் ஒரு சொம்பு என்பாள். பவேரியாக்காரன் செய்ததும் அதுதான், என்ன, பச்சைத்தண்ணிக்குப் பதிலா கொதிகூழ்.

விளாவுறதுன்னு புரிஞ்சுக்கிட்டா உடனே அடுத்த கேள்வி வரும். கொதிநிலை எல்லா ஊரிலும் ஒன்றா? ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கு. என் வீட்டு அடுப்பில் தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது தெர்மாமீட்டர் 95-ஐ ஒட்டி நின்னுடும். எவ்வளவு விறகு போட்டாலும் அதுக்கு மேல போகாது. (இந்த மலையில் பருப்பு வேகலைன்னு புலம்புற ஒவ்வொரு புது மருமகளுக்கும் இது தெரியும்.) கணக்குப் போட்டுப் பாருங்க. 50-ல் இருக்கிற கலவையை 65-க்குக் கொண்டுபோக, கொதிநிலை 100 என்றால் 30 சதவீதம் அள்ளினால் போதும். 95 என்றால் சரியா மூணில் ஒரு பங்கு. கடல் மட்டத்துக் கணக்குப்படி 30 சதவீதமே அள்ளினால் 63.5-ல் நின்றுவிடும். பெரிய விஷயமாத் தெரியாது. ஆனா அந்த ஒன்றரை டிகிரியில் எந்த என்சைம் முன்னால ஓடுதுங்கிறது மாறும். பீர் இன்னும் கொஞ்சம் வறண்டு, உடம்பு மெலிஞ்சு வரும். பாத்திரம் இழுக்கிற சூட்டை நான் இதில் சேர்க்கவே இல்லை.

ரெசிபியை எழுதுபவர் 90 நிமிஷம் கொதிக்க விடுங்கன்னு சொல்லும்போதும் இதே கதைதான். வெளிர் மால்ட்டில் ஒரு மூலப்பொருள் இருக்கு, கொதிக்கும்போது அது உடைஞ்சு டை-மெத்தில் சல்ஃபைடாகி ஆவியோடு வெளியே போகணும். போகலைன்னா பீரில் வேகவைத்த மக்காச்சோள வாடை அடிக்கும். 100 டிகிரியில் 90 நிமிஷத்தில் அதில் தோராயமா ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 95-ல் ஐந்தில் ரெண்டு பங்கு மிஞ்சிடும். ஹாப்ஸின் கசப்பு இறங்குற வேகமும் ஏறத்தாழ மூணில் ஒரு பங்கு குறையும். அதாவது மலையில் கொதி நேரத்தைக் கூட்டணும், ஹாப்ஸையும் கூட்டணும். இதில் ஒரு வேடிக்கை: புத்தகத்தை வெளியிட்ட பதிப்பகம் இருந்தது கொலராடோவின் போல்டரில். அந்த ஊரும் 1,600 மீட்டர் உயரம். அங்கேயும் தண்ணி 95-க்குப் பக்கத்தில்தான் கொதிக்கும்! நூனன் இருந்த வெர்மான்ட்டின் பர்லிங்டனோ ஏரிக்கரை, கிட்டத்தட்டக் கடல் மட்டம்.

டிகாக்‌ஷனைப் பற்றின என் பெரிய மனத்தாங்கல் உயரம் சம்பந்தப்பட்டது இல்லை. அவர் சொல்லும் காரணங்களை அவரே கடைசிவரை பின்தொடரவில்லை என்பதுதான். மூணு தடவை கொதிக்க வைக்கத் தேவை ஏன் வந்தது? தெர்மாமீட்டர் இல்லை. மால்ட் அரைகுறையாக முளைத்தது, ஸ்டார்ச் இறுக்கமாக இருந்தது, கொதிக்க வைத்தால்தான் வெடிக்கும். இன்றைய மால்ட் தொழிற்சாலையிலேயே நன்றாகப் பதப்பட்டு வருகிறது. அதை 50 டிகிரியில் ரொம்ப நேரம் வைத்தால் நுரையைத் தாங்குகிற புரதமே உடைந்துபோகும். அப்ப மூணு தடவை என்பது பெரும்பாலும் வழக்கம். பில்ஸ்னர் உர்குவெல் இன்றும் மூணு தடவை செய்கிறார்கள், அவர்கள் செய்யட்டும், அது அவர்கள் ருசி, அவர்கள் வரலாறு. கொதித்த கூழில் வருகிற அந்த வறுத்த மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் புத்தகத்தை வாசிக்கிறவனுக்கு டிகாக்‌ஷன் செய்யாதவன் ஏதோ குறுக்குவழிக்காரன் என்ற எண்ணம் ஒட்டிக்கொள்கிறது. எனக்கு ஒட்டிக்கொண்டது. யார்க்‌ஷயரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிநேரம் கிளறிக் கையில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

அரிசிக்கு வருவோம். புத்தகத்தின் மனசு முழு-மால்ட் ஜெர்மன், செக் வகைகளில் இருக்கிறது. அரிசி, சோளம் சேர்ப்பதை மலிவாக்கும் வேலையாகப் பார்க்கிற பார்வை அந்தத் தலைமுறை அமெரிக்க வீட்டு ப்ரூவர்கள் எல்லாரிடமும் இருந்தது. பெரிய கம்பெனிகளின் தண்ணி பீருக்கு எதிராக எழுந்தவர்கள், அதனால் அந்தக் கோபம் நியாயம்தான். ஆனா தொழில்நுட்பமாப் பாருங்க. அரிசி ஸ்டார்ச் 70 டிகிரிக்கு மேல் போனால்தான் குழையும். அதனால தனிப் பாத்திரத்தில் கொதிக்க வெச்சு, குழைஞ்ச கஞ்சியை மால்ட் கலவையில் ஊத்தணும். ஊத்தினதும் கலவை 50-லிருந்து 65-க்கு ஏறும். இது என்ன? டிகாக்‌ஷன்தான்! அள்ளினது மால்ட் இல்லை, அரிசி. அவ்வளவுதான் வித்தியாசம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா போன ஜெர்மன்காரர்கள் இதைச் செய்ததற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டும் இல்லை. அங்கே கிடைத்த ஆறு வரிசை பார்லியில் புரதம் அதிகம், பீர் கலங்கும். அரிசியும் சோளமும் அதை நீர்த்துப்போக வைத்தன.

இந்தியாவிலும் மால்ட்டுக்கு விளைகிற பார்லியில் பெரும்பகுதி ஆறு வரிசைதான், ராஜஸ்தான், ஹரியானா பக்கம். அப்ப இந்தியாவில் லாகருக்கு ரெசிபி எழுதுகிறவன் அரிசியிலிருந்து தொடங்குவது குறுக்குவழி ஆகாது. நூனன் சொன்ன காரணங்களை இந்த மண்ணில் வைத்து யோசித்தால் வந்து சேர்கிற இடமே அதுதான். பவேரியாவைக் காப்பியடித்தால் மாவு மட்டும் இறக்குமதி ஆகும், யோசனை ஆகாது.

நீர் அத்தியாயத்தை விரிவாகப் பேச இடமில்லை. பில்சன், மியூனிக், டார்ட்மண்ட், வியன்னா நீர்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அவர் காட்டும் விதம் அருமை. சேலத்துக்காரர்களுக்கு ஒன்று மட்டும்: மலைக்கு அடியில் இருக்கிற சுண்ணாம்புக்கரடு உண்மையில் மேக்னசைட். ஒரே பேருந்தில் நாற்பது நிமிஷம் இறங்கினால் பாறையே மாறுகிறது. மலை ஊற்றுத்தண்ணிக்கு எழுதின ரெசிபியைக் கீழே போர்த்தண்ணியில் போட்டால் வேற பீர்தான் வரும்.

இனி குளிர். 'ஏற்காடு குளிருக்கு பீர் காய்ச்ச நல்ல இடம்தானே' என்று வருகிற நண்பர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். மலை, குளிர், வெள்ளைக்காரன், பீர் என்று ஒரு சங்கிலி நம் மனசில் இருக்கு. வெள்ளைக்காரர்கள் மலையில் பீர் ஆலை வைத்தது உண்மை. கசௌலியில் எட்வர்ட் டயர் வைத்தார், முர்ரியில் வைத்தார்கள், நீலகிரியில் காசில் ப்ரூவரி 1857-லிருந்து இருந்தது. 1915-ல் தாமஸ் லீஷ்மன் தெற்கிலிருந்த ஐந்து ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸ் ஆக்கினபோது அதில் காசிலும் ஒன்று. ஆனா அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மலை ஆலைகள் பிறந்தது ஏல் ரகத்துக்காக. ஏல் ஈஸ்டுக்கு 18, 20 டிகிரி போதும், மலை அதைச் சும்மா கொடுக்கும். கசௌலியின் லயன் கூட முதலில் பேல் ஏல்தான், லாகராக மாறியது 1960-களில்.

லாகருக்கு மலைக்குளிர் பத்தாது. 10 டிகிரியில் நொதிக்கணும், அப்புறம் வாரக்கணக்கில், பழைய முறைப்படி மாசக்கணக்கில், பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கணும். பவேரியாவில் 1553-லேயே கோடையில் பீர் காய்ச்சத் தடை போட்டுவிட்டார்கள், செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான் அனுமதி. குளிர்காலத்தில் ஏரியில் ஐஸை அறுத்து நிலவறையில் அடுக்கினார்கள். 1870-களில் கார்ல் ஃபான் லிண்டெ மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் குளிர்பதன இயந்திரத்தைப் பழக்கின பிறகுதான் லாகர் உலகம் சுற்றக் கிளம்பியது. 1883-ல் கார்ல்ஸ்பெர்க்கில் எமில் ஹான்சன் லாகர் ஈஸ்டைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அந்த ஈஸ்டே ஒரு கலப்பு, ஒரு பாதி சாதாரண ஏல் ஈஸ்ட், இன்னொரு பாதி குளிர் விரும்பி. அந்தக் குளிர் விரும்பி யாரென்று 2011-ல்தான் படகோனியாக் காட்டு மரத்தில் கண்டுபிடித்தார்கள். பிறகு திபெத்திலும் கிடைத்தது.

என் வீட்டுத் திண்ணையில் ஒரு தெர்மாமீட்டர் தொங்குது. டிசம்பர், ஜனவரி ராத்திரியில் 12, 13 காட்டும். மத்தியானம் 22, 23. ஈஸ்டுக்குக் குளிர் கூட அவ்வளவு பிரச்சனை இல்லை, இந்த ஏற்ற இறக்கம்தான் பிரச்சனை. ஆக மலையை நம்பி லாகர் இல்லை. கரண்டை நம்பித்தான். கரண்ட் இங்கே மழைக்காலத்தில் எப்படின்னு உள்ளூர்க்காரங்களைக் கேளுங்க.

இங்கேதான் நூனன் புத்தகத்துக்கு வயசாகிப்போனது தெரிகிறது. அவர் சொல்லும் பாரம்பரியக் குளிர்முறை தப்பு இல்லை. ஆனால் இப்போ வைன்ஸ்டெஃபான் 34/70 மாதிரி ஈஸ்ட்களை 18 டிகிரியில் நொதிக்க விட்டும் சுத்தமான பீர் எடுக்கிறார்கள். மூடின பாத்திரத்தில் அழுத்தத்தோடு நொதித்தால் பழவாசனை எஸ்டர்கள் இன்னும் அடங்கும். கடைசியில் வெண்ணெய் வாடையை ஈஸ்டே தின்று தீர்க்க, வெப்பத்தை 16, 17-க்கு ஏற்றி ரெண்டு நாள் விட்டால் போதும். நான் கராஜில் ஒன்றும் சமையலறையில் ஒன்றுமாக ஒரே ஊறலை ரெண்டாகப் பிரித்துப் போட்டேன். நண்பர்களுக்கு மூணு கிளாஸ் கொடுத்து எது வேறன்னு கேட்டேன். பாதிப்பேருக்குச் சொல்ல முடியல. எனக்கே நிச்சயமில்லை. ஒரு சின்னப் பரீட்சை, அதை வெச்சு உலகத்துக்குச் சட்டம் போட மாட்டேன். ஆனா வெப்பமான ஊரில் லாகர் யோசிக்கிறவனுக்கு நூனனை மட்டும் கொடுத்தால் அவன் மனசு உடைஞ்சு போகும். அவரோட அத்தியாயத்தில் குளிர் என்பது கேள்வியே இல்லாமல் இருக்கிற ஒரு பொருள், தண்ணி மாதிரி, காத்து மாதிரி.

இன்னொன்றும் அந்தப் புத்தகத்தில் காத்து மாதிரி இருக்கு. சட்டம்.

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதை மத்திய அரசு அனுமதித்தது 1978-ல் கையெழுத்தான சட்டத்தால். அமலுக்கு வந்தது 1979. ஏழு வருஷத்தில் இந்தப் புத்தகம். நூனன் பர்லிங்டனில் தன் பப்பைத் திறக்க வெர்மான்ட் மாநிலச் சட்டம் மாறும்வரை போராடி, 1988-ல்தான் திறந்தார். 2009-ல் இறக்கும்வரை அந்த ஊர் ப்ரூவர்களுக்கு அவர்தான் வாத்தியார். அதாவது இந்தப் புத்தகத்தின் அந்த நிதானமான, பயமில்லாத குரலுக்குப் பின்னால் ஒரு அனுமதிச்சீட்டு இருக்கு. தப்பாப் போனா கொட்டிட்டு மறுபடி போடலாம், பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்லலாம், எழுதி வைக்கலாம். அனுபவம் என்பது இப்படித்தான் சேருது.

நம்ம ஊர் நிலைமை வேற. ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது இந்த சேலம் மாவட்டத்தில்தான். மதுவிலக்கு வந்தது, போனது, வந்தது, இப்ப அரசாங்கமே கடை நடத்துது. ஆனா அந்த 1937 சட்டம் இருக்கு. லைசன்ஸ் இல்லாமல் வீட்டில் ஒரு பாட்டில் காய்ச்சினாலும் குற்றம். டாஸ்மாக்கில் அலமாரி நிறைய லாகர் வாங்கலாம், பாதிக்கு மேல ஸ்ட்ராங். அது எப்படி உருவாகுதுன்னு கையால் தெரிஞ்சுக்க முடியாது. மலைக்கிராமத்தில் பெரிய பானையில் எதையாவது ஊற வைத்தால் அதற்கு இங்கே ஒரே அர்த்தம்தான். கல்வராயன் மலையில் ஊறல் அழிப்பு என்று பேப்பரில் வருமே, அந்த அர்த்தம். நான் அந்தச் சட்டத்தை மீறச் சொல்லலை. கள்ளச்சாராயம் இந்தப் பக்கத்துக் குடும்பங்களை என்ன செஞ்சிருக்குன்னு பார்த்தவன்தான். ஆனா மெத்தனால் ஆபத்தையும் ஒரு குடம் பீரையும் ஒரே வரியில் வைக்கிற சட்டத்தில் ஒரு கைத்தொழில் அறிவு வளர வழியில்லை. 'அனுபவமுள்ள ப்ரூவர்களுக்கு' என்று எழுதின புத்தகத்தை அனுபவமே பட முடியாத இடத்தில் வாசிப்பது, நீச்சல் புத்தகத்தை மொட்டைமாடியில் படிக்கிற மாதிரி.

முழுசா மொட்டைமாடி இல்லை. நொதிக்கிற வரைக்கும் அது கஞ்சிதானே! போன தை மாசம் ஒரு நாள் செய்து பார்த்தேன். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, திரித்து வைத்திருந்தேன். குழந்தைகளுக்குக் கொடுக்கிற அதே மாவு. மால்ட் என்றால் அதுதான், பார்லிக்குப் பதில் ராகி. அரிசியைக் குழையக் குழைய வேகவைத்தேன். அடுப்பில் 95. மாவுக் கரைசல் 20. எனக்கு வேண்டியது 65. கணக்கு அழகாக வந்தது: மூணு பங்கு கொதிகஞ்சிக்கு ரெண்டு பங்கு கரைசல். இதையே கீழே சேலத்தில், 30 டிகிரி அறையில் செய்தால் ஏறத்தாழ பாதிக்குப் பாதி. நாற்பது நிமிஷப் பேருந்து தூரத்தில் ரெசிபியே மாறிப்போகுது பாருங்க. ஊத்தி, கிளறி, போர்வை சுத்தி வைத்தேன். ஒரு மணிநேரம் கழித்து ஒரு சொட்டில் அயோடின் விட்டேன், நீலம் அடிக்கலை. கரண்டி நின்ற கஞ்சி தண்ணியாகி இருந்தது.

தோட்டத்து வேலைக்கு வரும் அக்கா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கூழு இப்படித் தண்ணியாப் போச்சு, உப்புப் போட மறந்துட்டீங்களா?" என்றார். ஒரு டம்ளர் குடித்தார். "அட, சக்கரை போட்டீங்களா?" போடலைன்னு சொன்னேன். நம்பலை. இன்னொரு டம்ளர் வாங்கிப் பேரனுக்கு எடுத்துப் போனார். காபிக்கொட்டை ஊறுகிற தொட்டியில் கையை விட்டு, கொழகொழப்பு போய் கல்லு மாதிரி நறநறன்னு வந்ததும் கழுவலாம்னு சொல்கிற கை அவருடையது. தெர்மாமீட்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கலை. 65 டிகிரிக் கூழில் சுண்டுவிரலை வைத்து உடனே எடுத்து, "இந்தச் சூடுதான் கணக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மிச்சம் ரெண்டு லிட்டர் பானையில் இருந்தது. மறுநாள் மத்தியானம் வெயிலில் மூடியைத் திறந்தால் மேலே சின்னச் சின்னதாக நுரை. யாரும் ஈஸ்ட் போடலை. கொஞ்ச நேரம் காதை வைத்துக் கேட்டேன், பிறகு தூக்கிக்கொண்டு போய்க் காபிச் செடிக்கு அடியில் ஊற்றிவிட்டு, பானையைக் கழுவிக் கவிழ்த்தேன்.